ஜார்ஜ் பீச்சம்

ஜார்ஜ் பீச்சம் (மார்ச் 18, 1899 – மார்ச் 30, 1941) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசைக்கலைஞரும் இசைக்கருவி வடிவமைப்பாளரும் ஆவார். வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் மின்கித்தாரை உருவாக்கியவர் என அறியப்படுகிறார். ஒலியதிர்வி பொருத்திய கித்தார்களைத் தயாரித்த நேஷனல் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். பின்னர் ரிக்கன்பேக்கர் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்ற நிறுவனத்தை அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து தொடங்கினார். குதிரைலாட வடிவக் காந்தங்களைக் கொண்டு இவர் அமைத்த பிக்கப், உருக்குக் கம்பியின் அதிர்வை நேரடியாக மின்குறிகையாக மாற்றியது. 1930களிலிருந்து இசைத்தட்டுகளில் கேட்கப்படும் மின் ஸ்டீல் கித்தாரின் ஒலிக்கு இக்கருவியே அடிப்படையாக அமைந்தது.

இளமை

பீச்சம் டெக்சாஸ் மாநிலத்தின் கோல்மன் கவுண்டியில் பிறந்தார். வயலினும் ஹவாயன் கித்தாரும் வாசிக்கப் பழகி, வாடெவில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் வாசித்து வந்தார். பின்னர் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறினார்.

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஹவாய் இசைக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா–பசிபிக் பன்னாட்டுக் கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் நாள்தோறும் இசைத்ததைத் தொடர்ந்து இவ்வரவேற்பு நாடெங்கும் பரவியது. ஹவாயன் கித்தார் மடியில் கிடத்தி வாசிக்கப்படுவது. விரல்களால் கம்பிகளை அழுத்துவதற்கு மாறாக, இடக்கையில் பிடித்த உருக்குத் துண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்திச் சுரங்களை எழுப்புவர். இதனாலேயே இவ்வகை வாசிப்புக்கு ஸ்டீல் கித்தார் என்ற பெயர் ஏற்பட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வது இதன் தனிச்சிறப்பு ஆகும்.

எனினும் மரத்தாலான கித்தாரின் ஒலி மிகவும் மெல்லியது. ஊதுகருவிகளும் முரசுகளும் கொண்ட இசைக்குழுக்களில் அது எடுபடவில்லை. தம் கருவியின் ஒலி கூட்டத்தாருக்குக் கேட்க வேண்டும் என்ற தேவையே பீச்சமின் பிற்கால முயற்சிகள் அனைத்துக்கும் தொடக்கமாக அமைந்தது.

ஒலியதிர்விக் கித்தாரும் நேஷனல் நிறுவனமும்

1920களின் நடுப்பகுதியில் பீச்சம், லாஸ் ஏஞ்சலசில் வயலின் பழுதுபார்க்கும் கடை நடத்தி வந்த ஜான் டோப்பியேராவை அணுகினார். டோப்பியேரா இன்றைய சுலோவாக்கியாவில் பிறந்தவர். பீச்சமின் வேண்டுகோளுக்கு இணங்க, கிராமபோன் பெட்டியின் ஊதுகுழல் போன்ற ஒன்றைக் கித்தாரின் அடியில் பொருத்தி, தாங்கியின் மேல் நிற்கும் கருவியை அவர் முதலில் செய்தார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

அடுத்ததாக, மெல்லிய அலுமினியத் தகட்டாலான கூம்புகளைக் கித்தாரின் உடலுக்குள் பொருத்தும் முறையை டோப்பியேரா கண்டறிந்தார். கம்பிகளின் அதிர்வு குதிரை வழியாகக் கூம்புகளுக்குச் செல்லும். ஒலிபெருக்கியின் கூம்பைப் போல் அவை காற்றை அசைத்து உரத்த ஒலியை எழுப்பும். மூன்று கூம்புகளும் உலோக உடலும் கொண்ட இக்கருவி டிரைகோன் என அழைக்கப்பட்டது.

இதைத் தயாரிப்பதற்குத் தேவையான முதலீட்டைப் பெறும் பொறுப்பைப் பீச்சம் ஏற்றார். அவருடைய உறவினரான டெட் கிளைன்மையர் என்ற செல்வந்தர் நடத்திய விருந்து ஒன்றுக்குப் புகழ்பெற்ற ஹவாய்க் கலைஞர் சோல் ஹோப்பியியின் குழுவை அழைத்துச் சென்று புதிய கருவியை வாசிக்கச் செய்தார். அதைக் கேட்டு மகிழ்ந்த கிளைன்மையர் 12,500 டாலர் முதலீடு வழங்கியதாகக் கூறப்படுகிறது. இவ்வாறு நேஷனல் இசைக்கருவி நிறுவனம் உருவானது. பீச்சம் அதன் பொதுமேலாளர் ஆனார். உலோக உடல்களைச் செய்து கொடுத்தவர், அருகில் அச்சுவார்ப்புப் பட்டறை நடத்தி வந்த சுவிட்சர்லாந்தில் பிறந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆவார். இவருடன் ஏற்பட்ட பழக்கம் பின்னர் பீச்சமுக்குப் பெரிதும் உதவியது.

பிணக்கும் வெளியேற்றமும்

நிறுவனம் வளர்ந்த வேகத்திலேயே கூட்டாளிகளிடையே பூசலும் வளர்ந்தது. கிளைன்மையர் தம் செல்வத்தை வரம்பின்றிச் செலவிட்டு வந்தார். டோப்பியேராவுக்கும் பீச்சமுக்கும் இடையே, யார் எதைக் கண்டுபிடித்தார் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒற்றைக் கூம்பு கொண்ட கித்தாருக்குப் பீச்சம் தம் பெயரில் 1929இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அவ்வடிவமைப்பு தம்முடையதே என டோப்பியேரா கருதினார். அவர் நேஷனலை விட்டு விலகித் தம் சகோதரர்களுடன் டோப்ரோ என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். டோப்ரோ என்பது டோப்பியேரா சகோதரர்கள் என்பதன் சுருக்கமாகும். சுலோவாக்கிய மொழியில் அச்சொல்லுக்கு நல்லது என்றும் பொருள் உண்டு.

பீச்சமின் விண்ணப்பத்துக்கு 1931இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் அவர் நேஷனல் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த அக்காலத்தில், தாம் தொடங்கிய நிறுவனத்திலேயே இடமிழந்த பீச்சம் புதிய வழி தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்.

பிக்கப்பின் உருவாக்கம்

மின்சாரத்தால் கித்தாரின் ஒலியைப் பெருக்குவது பற்றிப் பீச்சம் 1920களிலிருந்தே சிந்தித்து வந்தார். ஒலிவாங்கிகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டு சோதனைகள் செய்தார். மின்னியல் கற்பதற்காக மாலை வகுப்புகளிலும் சேர்ந்தார். டோப்பியேராவின் உறவினரும் நேஷனலில் உடன் பணியாற்றியவருமான பால் பார்த் இம்முயற்சியில் துணை நின்றார்.

இவர்களுக்கு முன்னரும் சிலர் கித்தாரை மின்மயமாக்க முயன்றிருந்தனர். சிகாகோவின் ஸ்ட்ராம்பெர்க்–வொய்சினெட் நிறுவனம் 1928இல் இத்தகைய கருவியை விற்பனைக்கு அறிவித்தது. ஆனால் அம்முறையில் கருவியின் மேற்பலகையின் அதிர்வே உணரப்பட்டது. கம்பியின் அதிர்வு பலகையை அடைவதற்குள் பெரிதும் வலுவிழந்துவிடும். கிடைக்கும் மின்குறிகையும் மெலிந்ததாகவே இருக்கும். பீச்சமும் பார்த்தும் பலகையை விடுத்துக் கம்பியையே நாடினர். இதுவே அவர்கள் செய்த அடிப்படை மாற்றம் ஆகும்.

அவர்களுடைய தொடக்ககாலச் சோதனைக் கருவி, ஒரு மரக்கட்டையின் மேல் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பியே ஆகும். பிரன்சுவிக் கிராமபோனின் பிக்கப்பிலிருந்து எடுத்த பகுதிகளை அதில் பயன்படுத்தினர். கம்பிச்சுருளைச் சுற்றுவதற்கு வீட்டுச் சாதனம் ஒன்றின் மின்னோடியைப் பயன்படுத்தினர். அது சலவை இயந்திரத்தினுடையது என்றும் தையல் இயந்திரத்தினுடையது என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன.

பல மாதச் சோதனைகளுக்குப் பின் கிடைத்த வடிவம் எளிமையானது. குதிரைலாட வடிவிலான இரண்டு காந்தங்கள் எதிரெதிரே வைக்கப்பட்டு, கம்பிகள் அவற்றின் நடுவே செலுத்தப்பட்டன. கம்பிகளுக்குக் கீழே ஒரு சுருளும், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக ஆறு இரும்பு முனைகளும் இருந்தன. உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் நெறியின் நேரடிப் பயன்பாடாகும். கருவிக்குள் ஒலி எழுந்து பரவ வேண்டிய தேவையே இல்லாததால், உள்ளீடற்ற மரப்பெட்டியும் தேவையற்றதாயிற்று.

1931இல், நேஷனலில் பணியாற்றிய ஹாரி வாட்சன் என்னும் கைவினைஞர் ஒரே மேப்பிள் மரத்துண்டில் கழுத்தையும் சிறிய வட்ட உடலையும் செதுக்கிக் கொடுத்தார். நீண்ட கைப்பிடியும் வட்டத் தட்டும் கொண்ட அதன் தோற்றத்தால் அக்கருவிக்குப் பொரிசட்டி எனப் பொருள்படும் ஃபிரையிங் பேன் என்ற செல்லப்பெயர் ஏற்பட்டது.

எலக்ட்ரோ நிறுவனம்

1931 அக்டோபரில் பீச்சமும் ரிக்கன்பேக்கரும் மேலும் சிலரும் சேர்ந்து ரோ–பாட்–இன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 1934இல் இது எலக்ட்ரோ இசைக்கருவி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கருவிகளின் மேல் ரிக்கன்பேக்கரின் பெயர் பொறிக்கப்பட்டது. முதலாம் உலகப்போரின் புகழ்பெற்ற வானோடி எட்டி ரிக்கன்பேக்கர் அவருடைய உறவினர் என்பதால் அப்பெயர் மக்களிடையே நன்கு அறிமுகமாகியிருந்தது. பீச்சமின் பெயர் கருவிகளில் இடம்பெறவில்லை.

1932இல் வார்ப்பு அலுமினியத்தாலான கருவிகளின் தயாரிப்பு தொடங்கியது. கம்பி நீளத்தின் அடிப்படையில் ஏ–22, ஏ–25 என இரு வகைகள் வெளிவந்தன. கருவியுடன் ஒலிபெருக்கிப் பெட்டியும் சேர்த்தே விற்கப்பட்டது. பீச்சமிடமிருந்து இக்கருவிகளைப் பெற்ற கேஜ் புரூவர் என்ற கலைஞர், 1932 அக்டோபரில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் அவற்றை வாசித்தார். மின்கித்தார் பொதுமேடையில் வாசிக்கப்பட்டதற்கு ஆவணச் சான்றுள்ள மிகப் பழைய நிகழ்ச்சி இதுவாகும்.

பொருளாதார வீழ்ச்சியின் உச்சத்தில் தொடங்கப்பட்டதால் தொடக்கத்தில் விற்பனை மிகக் குறைவாகவே இருந்தது. மேலும், மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிவடைந்து சுருதி கலைந்தது. இக்குறையைப் போக்க 1935இல் பேக்கலைட் என்ற நெகிழியாலான மாடல் பி வகை வெளியிடப்பட்டது. கனமான பேக்கலைட் உடலும் குதிரைலாடப் பிக்கப்பும் சேர்ந்து தந்த ஒலியைப் பல கலைஞர்கள் அலுமினியக் கருவியினும் சிறந்ததாகக் கருதினர்.

பிக்கப்பும் பதிவு செய்யப்பட்ட ஒலியும்

1925 அளவில் ஒலிவாங்கி கொண்டு இசைத்தட்டுகளைப் பதிவு செய்யும் முறை பரவியது. அதுமுதல் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டது கருவியின் உடலும் காற்றும் சேர்ந்து எழுப்பிய ஒலியாகும். டிரைகோன் போன்ற கருவிகளில் கம்பியின் ஆற்றல் கூம்புகளுக்கு விரைவாகச் சென்றுவிடும். எனவே ஒலி உரத்துத் தொடங்கி விரைவில் தேயும். உலோகத்தின் கணீரென்ற சாயலும் இருக்கும். சோல் ஹோப்பியி 1920களின் பிற்பகுதியில் பதிவு செய்த இசைத்தட்டுகளில் இதனைத் தெளிவாகக் கேட்கலாம்.

காந்தப் பிக்கப் இந்நிலையை மாற்றியது. கம்பியின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியையே அது எடுத்துக்கொள்கிறது. கனமான திண்ம உடலும் ஆற்றலை உறிஞ்சுவதில்லை. ஆகவே சுரம் நீண்ட நேரம் நிலைத்து நின்றது. உருக்குத் துண்டை மெல்ல நகர்த்தி இழைக்கும் கமகம் போன்ற அசைவுகள் தேயாமல் முழுமையாகக் கேட்டன. ஒலியளவுக் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பி, மீட்டலின் தொடக்க ஓசையை மறைத்து, சுரம் தானாக மலர்வது போல் வாசிப்பதும் இயன்றது. ஒலிப்பதிவின்போது ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் ஒலிவாங்கி வைக்கப்பட்டதால், இசைத்தட்டில் பதிந்தது பிக்கப், மிகைப்பி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஒலியே ஆகும். இம்மூன்றிலும் முதற்கட்டத் தெரிவைச் செய்வது பிக்கப் ஆகும். அது உணராத அதிர்வைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் மீட்டெடுக்க இயலாது.

பிக்கப்பின் பின்வரும் கூறுகள் ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கின்றன:

* இடம்: குதிரைக்கு அருகில் வைத்தால் மேல்தொனிகள் மிகுந்து ஒலி கூர்மையாக இருக்கும். கம்பியின் நடுப்பகுதியை நோக்கி நகர்த்தினால் அடிப்படைத் தொனி ஓங்கி ஒலி கனமாக இருக்கும்.
* உணரும் பரப்பின் அகலம்: கம்பியின் அதிக நீளத்தை ஒரே நேரத்தில் உணரும் பிக்கப்பில் மிக நுண்ணிய மேல்தொனிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். இதனால் ஒலி மென்மையாகும். குறுகிய பரப்பு ஒலியைத் துலக்கமாக்கும்.
* சுருளின் சுற்றுகள்: சுற்றுகள் கூடும்போது ஒலியளவு கூடும், ஆனால் சுருளின் தூண்டலும் மின்கொண்மையும் கூடுவதால் உச்ச ஒலிகள் குறையும்.
* காந்தம்: வலுவான காந்தம் வலுவான குறிகையைத் தரும். கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அதன் அதிர்வையே இழுத்துத் தடுக்கும். உயரமாகவும் இறுக்கமாகவும் கட்டப்பட்ட ஸ்டீல் கித்தார்க் கம்பிகளில் இவ்விளைவு குறைவு.

பீச்சமின் பிக்கப்பில் காந்தங்கள் கம்பிகளைச் சூழ்ந்திருந்தன. கீழிருந்து மட்டும் காந்தப்புலம் செலுத்தும் பிற்காலப் பிக்கப்புகளிலிருந்து இது வேறுபடுகிறது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய கருவிகளில் காந்தங்களின் அகலம் ஒன்றரை அங்குலமாகும். பிற்காலத்தில் இது ஒன்றேகால் அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஸ்டீல் கித்தார்க் கலைஞர்கள் பலர் முந்தைய வடிவத்தையே விரும்பித் தேடினர்.

மின் ஸ்டீல் கித்தாரின் தொடக்ககால இசைத்தட்டுகள் 1933இல் வெளிவந்தன. சோல் ஹோப்பியி 1930களின் நடுவில் டிரைகோனை விட்டு ரிக்கன்பேக்கர் மின்கருவிக்கு மாறினார். அவருடைய இருவகைப் பதிவுகளையும் ஒப்பிட்டால், கருவி மாறியபோது வாசிப்பு முறையும் மாறியதை உணரலாம். முன்னவற்றில் விரைவான சுரக்கோவைகள் மிகுதி. பின்னவற்றில் நீண்ட சுரங்களும் இழைவுகளும் மிகுதி.

வேறு பிக்கப்புகள் வேறு ஒலிகளைத் தந்தன. மில்டன் பிரவுனின் இசைக்குழுவில் வாசித்த பாப் டன், 1935 சனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது, சாதாரண மரக் கித்தாரில் தனியாக ஒரு பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். கம்பிகளையே காந்தமேற்றிப் பயன்படுத்தும் முறை அது. ஊதுகருவியைப் போல் வெட்டி வெட்டி ஒலிக்கும் அவ்வொலி, ஹவாய்ப் பதிவுகளின் ஒலியிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட இ.எச்.–150 கருவியில் கம்பிகளுக்குக் கீழே ஒற்றைப் பட்டை முனையும் அடியில் நீண்ட காந்தங்களும் அமைந்திருந்தன. லியோ ஃபெண்டர் 1940களில் வடிவமைத்த தொடக்ககாலப் பிக்கப்பில் கம்பிகள் சுருளின் நடுவாகவே சென்றன.

காப்புரிமைப் போராட்டம்

பீச்சம் 1932இல் தம் பிக்கப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னர் அதைக் கைவிட்டு, 1934 சூன் மாதத்தில் திருத்திய விண்ணப்பத்தை அளித்தார். இக்கருவி இசைக்கருவியா மின்கருவியா என்பதில் காப்புரிமை அலுவலகத்துக்குத் தெளிவு ஏற்படவில்லை. அது உண்மையில் இயங்கக்கூடியதுதானா என்ற ஐயமும் எழுந்தது. இதனைத் தீர்க்க ரிக்கன்பேக்கர், சோல் ஹோப்பியி உள்ளிட்ட கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, ஆய்வு அலுவலர்கள் முன்னிலையில் வாசிக்கச் செய்தார்.

1937 ஆகத்து 10 அன்று 2,089,171 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. கிப்சன், எபிஃபோன், நேஷனல் முதலிய நிறுவனங்கள் தத்தம் மின்கித்தார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தன. அவற்றை எதிர்த்து வழக்காடும் அளவுக்கு எலக்ட்ரோ நிறுவனத்திடம் பொருள்வளம் இல்லை. தாம் திறந்த வழியில் பிறர் முன்னேறிச் செல்வதைப் பீச்சம் காண நேர்ந்தது.

இறுதிக்காலம்

1930களின் இறுதியில் பீச்சமுக்கு இசைக்கருவித் தொழிலில் நாட்டம் குறைந்தது. மீன்பிடித்தலில் பேரார்வம் கொண்ட அவர், தூண்டில் இரைகளை வடிவமைத்து அவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். புதிய தொழிலுக்கு முதல் திரட்டுவதற்காக 1940இல் எலக்ட்ரோ நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்றார். அத்தொழில் நிலைபெறுவதற்கு முன்பே, 1941 மார்ச் 30 அன்று, லாஸ் ஏஞ்சலசுக்கு அருகே ஆழ்கடலில் மீன்பிடித்துக் கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

தாக்கம்

பீச்சமின் மறைவுக்குப் பின்னரும் குதிரைலாடப் பிக்கப் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. ஜெர்ரி பேர்டு (1920–2005) பேக்கலைட் ரிக்கன்பேக்கர் கருவியை நீண்டகாலம் வாசித்துப் புகழ் பெற்றார். ஹாங்க் வில்லியம்சு 1948இல் பதிவு செய்த லவ்சிக் புளூஸ் பாடலில் ஸ்டீல் கித்தார் வாசித்தவர் இவரே. ரிக்கன்பேக்கர் 1953இல் நிறுவனத்தை எஃப். சி. ஹால் என்பவருக்கு விற்றார். 1957இல் வெளிவந்த ரிக்கன்பேக்கர் 4000 பேஸ் கித்தாரிலும் குதிரைலாடப் பிக்கப் பொருத்தப்பட்டிருந்தது. 1960களில் பீட்டில்ஸ் இசைக்குழு மூலம் ரிக்கன்பேக்கர் என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

உருக்குக் கம்பி, காந்தம், கம்பிச்சுருள் என்ற பீச்சமின் அடிப்படை அமைப்பு பெருமளவு மாறாமலேயே இன்றைய மின்கித்தார்களில் தொடர்கிறது. ராக், ஜாஸ், கன்ட்ரி முதலிய இசைவகைகளில் மின்கித்தார் முதன்மை பெற்றது அவருடைய மறைவுக்குப் பின்னரே ஆகும். ஆயினும் அவர் இக்கருவியை முதலில் உருவாக்கியது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கித்தாருக்காகவே என்பது குறிப்பிடத்தக்கது.